வள்ளி பொம்மை சாமியாகிவிட்ட மதியம்

நம் சர்க்கரைத் தீவுக்குத் தொலைக்காட்சி வந்ததிலிருந்து, தெருவில் பார்ப்பவர்களெல்லாம் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். "வேலாய், இனிமே உன் பொம்மையை யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டுவிட்டுத் தோளைத் தட்டுகிறார்கள். தட்டுவது நல்லதுதான். இத்தனை வருஷம் கைகளைத் தலைக்கு மேலே தூக்கியே பிழைத்தவன் நான், தோளுக்கு இதமாக இருக்கிறது. மற்றபடி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அரசாங்கச் சுகாதார அலுவலகம் பொம்மலாட்ட வண்டியை நிறுத்திவிட்டது, என்னையும் வண்டியோடு சேர்த்து ஓய்வில் நிறுத்திவிட்டது. அவ்வளவுதான்.

போன மாதம் தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் ஒரு பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். "சுதந்திரம் வந்தாச்சு தோந்தோன், நம்ம பிள்ளைகளுக்கு நம்ம முகத்தைக் காட்டணும்னு கேக்கறாங்க. சரியா இருக்கான்னு பாருங்க" என்றார்கள். துணியைப் பிரித்தேன். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், மூக்குத்தி, தலை நிறையப் பூ. நான் சிரித்த சிரிப்பில் அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கதையில் நாங்கள் எல்லோரும் பேசியது கிரியோல். மாலை வகுப்பில் நான் கற்றுக்கொண்ட தமிழில் அதை இப்போது போட்டிருக்கிறேன். சில சொற்கள், மாமாவுக்குச் சொல்லும் தோந்தோன் மாதிரி, வரமாட்டேன் என்று அடம்பிடித்தன, அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் தொழில் கற்றது பொம்மையில் இல்லை, கோயிலில். சாந்த் குருவா பக்கம் கோயில் வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்திருந்த ஸ்தபதி ஒருவருக்கு வர்ண டப்பா தூக்கினேன். தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரே கொதித்த நாட்களில், நான் கோபுரச் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து அம்மனுக்கு இமை தீட்டிக்கொண்டிருந்தேன். மற்ற இளைஞர்கள் ஊர்வலம் போனார்கள். நான் கீழே இறங்கப் பயந்துகொண்டு அதே இமையைத் திரும்பத் திரும்பத் தீட்டினேன். அந்த அம்மன் இன்றைக்கும் கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரிதான் பார்ப்பாள்.

கலவரம் அடங்கிய பிறகு அரசாங்கத்துக்கு எங்கள் மேல் அக்கறை வந்தது. முக்கியமாக எங்கள் வயிற்றுப் பூச்சிகள் மேல். யுத்தமும் முடிந்ததும், கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்க ஒரு பொம்மலாட்ட வண்டி கிளம்பியது. வர்ணம் பூசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பூசிய பொம்மையை ஆட்டவும் ஆள் இல்லை என்றார்கள், கையை நுழைத்தேன்.

என் மேலதிகாரி பீனிக்ஸ் ஊர்க்காரர், முஸ்யே ஒக்தாவ். கிரியோல் கனவான், கருத்த முகம். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தமாட்டார். கோபம் வந்தால் கத்தமாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்பவனுக்கு உயிர் போய் உயிர் வரும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்பதில் அவருக்கு அப்படியொரு கவனம். ஆட்டம் தொடங்கும்போது கோட்டின் இடது பையில் தீக்குச்சிகளைப் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் ஒரு தடவை சிரித்தால் ஒரு குச்சி வலது பைக்குப் போகும். முடிந்ததும் வலது பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பரவாயில்லை, வேலாய்" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிவிடுவார்.

பாவையைப் பிடிக்கும் முறையை அவர்தான் எனக்குப் பழக்கினார். உள்ளங்கையில் பவுடர் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் தலைக்குள்ளும், கட்டைவிரலையும் நடுவிரலையும் இரண்டு கைகளுக்குள்ளும் நுழைக்க வேண்டும். பாவை மேலே வந்ததும் பேசக்கூடாது, முதலில் மூச்சு விட வேண்டும். மணிக்கட்டை லேசாக ஏற்றி இறக்கினால் போதும். "மூச்சு விடாத பொம்மை கட்டை" என்பார். கை வலித்தாலும் பாவை குட்டையாகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி, ஒரு பிள்ளை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கும்வரை பாவையைக் கையிலிருந்து கழற்றக்கூடாது.

எங்கள் நாடகத்தில் இரண்டு பெண் பொம்மைகள். ஒருத்தி லிசெத். ரோஜா நிற முகம், சாக்கு நெய்கிற கற்றாழை நாரில் மஞ்சள் கூந்தல். பல் துலக்குவாள், நகம் வெட்டுவாள், நாடகத்தின் முடிவில் எல்லோரும் அவளுக்குக் கைதட்டுவார்கள். இன்னொருத்தி சலேத். அந்தப் பெயருக்கே அழுக்கு என்று அர்த்தம். பழுப்பு முகம், சிக்குத் தலை, கை கழுவாமல் தின்று வயிற்றில் பூச்சி வந்து அலறுவாள். அவள் அலறும்போதுதான் ஒக்தாவின் குச்சிகள் பை மாறும். அலுவலகம் அனுப்பிய பொம்மைகள் அவை. நான் பெயின்ட் உரிந்தால் பூசுவேன், ஆட்டுவேன், சம்பளம் வாங்குவேன்.

ரோஸ் பெல்லில் ஒரு நாள் ஆட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, அதே ஊர் வழியாக வண்டி போனபோது ஒரு பெண் நடுரோட்டில் நின்று மறித்தாள். தோட்டத்தில் களையெடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள், கையில் களைக்கொத்து. பெயர் பார்வதி. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, களைக்கொத்தைத்தான் பார்த்தேன்.

"பொம்மை ஆட்டறது நீங்களா அண்ணே?"

"ஆட்டறது நான். சொல்றது அலுவலகம்" என்றேன், முன்னெச்சரிக்கையாக.

"அந்த அழுக்குப் பொம்மைக்கு ஏன் எங்க முகத்தை வச்சீங்க?"

"உங்க முகமா? அது காகிதக்கூழ் அக்கா."

"அந்த மஞ்சத்தலைக்காரியும் காகிதக்கூழ்தானே? அவளுக்கு மட்டும் எப்படி அந்த நிறம் வந்துச்சு?"

வண்டிக்குள் ஒக்தாவ் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மக லெச்சுமி பள்ளிக்கூடம் போறதை நிறுத்திட்டா. எல்லாப் பிள்ளைங்களும் சலேத், சலேத்னு கூப்பிட்டு, பூச்சி இருக்கான்னு வயித்துல குத்துதுங்க. புதுச் சட்டை தைச்சுக் கொடுத்தேன், எண்ணெய் வச்சு ரிப்பன் கட்டினேன், ஒண்ணும் நடக்கலை. அவ என்ன கேக்கறா தெரியுமா? 'நல்லாத் தேய்ச்சுக் கழுவினா நான் லிசெத் மாதிரி ஆயிடுவேனா அம்மா'ன்னு கேக்கறா. தேய்ச்சுத் தேய்ச்சு முழங்கை ரெண்டும் புண்ணு. வந்து பாருங்க."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அன்று வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வண்டி கிளம்பி வெகுநேரம் ஒக்தாவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "பொம்மையை மாத்த அலுவலகம் விடாது. புதுசா ஒண்ணைச் சோதிச்சுப் பார்க்க விடும். ஒரு பொம்மை செய். அவளை நாயகியா வை. அதே ஊர், அதே பிள்ளைங்க. சிரிச்சா அவ இருப்பா, சலேத் பெட்டிக்குள்ள போவா. சிரிக்கலைன்னா இவ பெட்டிக்குள்ள போவா."

"பரிதாபத்துக்காகக் கொஞ்சம் குச்சியை மாத்திப் போட்டுடுங்களேன், முஸ்யே."

"பரிதாபத்துக்கு எவனும் பொம்மை பார்க்கமாட்டான்" என்றார். பிறகு பாதையைப் பார்த்தபடியே, "தோல் நிறம்னு எழுதி அலுவலகம் ஒரு பெயின்ட் டப்பா கொடுக்குதே, நீ எப்பவாவது என் முகத்தைப் பார்த்திருக்கியா? இந்த நிறமும் அந்த டப்பாவுல இல்லை" என்றார்.

பொம்மை செய்யும் வேலை தொடங்கியது. களிமண் உருண்டையில் முகம் பிடித்து, பழைய செய்தித்தாளை மரவள்ளிக் கிழங்குப் பசையில் ஊறவைத்து அடுக்கடுக்காக ஒட்டி, நிழலில் காயவைத்து, இரண்டாக அறுத்துக் களிமண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். இதெல்லாம் கை பழகிய வேலை. நிறம்தான் வரவில்லை. அந்த டப்பாவின் ரோஜா நிறத்தில் காவியைக் கலந்தால் செங்கல். கருப்பைக் கலந்தால் காய்ச்சல்காரி. சர்க்கரைத் தீவில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? கரும்புப்பாகைக் கலந்து பூசினேன். அற்புதமான நிறம். மறுநாள் எறும்புகள் மூக்கைத் தின்றிருந்தன. கடைசியில் ஸ்தபதி கலக்கும் முறையில் மஞ்சளும் காவியும் துளி நீலமும் சேர்த்தேன், வந்துவிட்டது. கூந்தலுக்கு என் மனைவியின் சவுரி. அவளிடம் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது அவளே தேடித் தெரிந்துகொண்டாள், அதை இங்கே எழுதுவதாக இல்லை.

பிறகு கண். பெரிதாக, நீளமாக, காதுவரை தீட்டினேன். நெற்றியில் குங்குமம். மூக்குத்தி, தோடு, கழுத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி மணி. சரிகைத் துண்டு ஒன்று கிடைத்தது, சேலையாகக் கட்டினேன். காலமெல்லாம் லிசெத்தைப் பார்த்த பிள்ளைகள் இவளைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது என் ஆசை. வள்ளி என்று பெயர் வைத்தேன். தமிழ்ப் பொம்மை தமிழில்தான் பேச வேண்டும் என்றும் முடிவுசெய்தேன். அப்போது எனக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் கோயிலில் காதில் விழுந்தது. இந்த விஷயம் ஏன் அப்போதே எனக்கு உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

ரோஸ் பெல்லில் ஆட்டம் வைத்த ஞாயிற்றுக்கிழமை, அங்கே அம்மன் கோயிலில் கஞ்சி வார்த்த நாள். கூட்டம் கோயிலிலிருந்து அப்படியே எங்கள் ஆட்டத்துக்கு வந்தது, அர்ச்சனைத் தட்டும் கையுமாக. எனக்கும் கஞ்சி கொடுத்தார்கள். பயத்தில் வாய் உலர்ந்திருந்ததால் வாங்கி வாங்கிக் குடித்தேன். படுதாவுக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. படுதாவில் கண் உயரத்துக்கு ஒரு பொத்தல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் ஒக்தாவ், இடது பையில் கை. கடைசி வரிசையில் பார்வதி, மடியில் லெச்சுமி. முழங்கைகளை மறைத்து முழுக்கைச் சட்டை. அந்த வெயிலில் முழுக்கை.

வள்ளியை மேலே ஏற்றினேன். மூச்சு விட்டாள்.

நான் மனப்பாடம் செய்திருந்த தமிழ் வாக்கியத்தை, எனக்குத் தெரிந்த ஒரே ராகத்தில், பூசாரி ராகத்தில் சொன்னேன்: "எல்லாரும் நல்லா இருக்கணும்!"

முன்னால் இருந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்துக் கழற்றினாள். வரிசை முழுக்கச் செருப்பு கழன்றது. பிள்ளைகளின் தலையில் அம்மாக்கள் ஆளுக்கொரு தட்டுத் தட்ட, எல்லாப் பிள்ளையும் கண்ணை மூடிக் கும்பிட்டது. வள்ளியைச் சற்றுத் திருப்பி, அண்ணாந்து என் பொம்மையின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அந்தக் கண், அந்த மூக்குத்தி, அந்த நிறம். நான் சிறுமியைச் செய்யவில்லை. சாரத்தின் மேல் உட்கார்ந்து பழகிய கை, கோபுரத்து அம்மனைச் செய்துவைத்திருக்கிறது. மாரியம்மாவா வள்ளியம்மாவா என்பதில் மட்டும்தான் கூட்டத்துக்குக் கொஞ்சம் குழப்பம்.

எனக்குக் கை நடுங்கியது. கை நடுங்கினால் வள்ளியும் நடுங்குவாள், கழுத்து மணிகள் கிலுகிலுத்தன.

"அம்மாவுக்கு அருள் வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "அரோகரா!"

"அரோகரா!" என்றது மொத்தக் கூட்டமும். ஒரு தட்டில் கற்பூரம் பற்றிக்கொண்டது. எங்கள் படுதா பழைய துணி, நெருப்புக்கு ரொம்பப் பிடித்த துணி.

இதைக் கலைக்க வேண்டும் என்று நினைத்து, கதைப்படி லிச்சிப் பழம் திருட வரும் குரங்கை இடது கையில் மேலே ஏற்றினேன். குரங்கைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும் அல்லவா? "ஹனுமான்!" என்று வலது பக்கத்திலிருந்து போஜ்புரி பேசும் ஒரு குடும்பம் எழுந்து நின்றது. அதுவரை சும்மா இருந்தவர்களும் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் படுதாவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"தாயே, என் மாடு சினையா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லு."

எனக்கு எப்படித் தெரியும்? ஒக்தாவைப் பார்த்தேன். கை இடது பையிலேயே இருந்தது. ஒரு குச்சிகூட அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். லெச்சுமியைப் பார்த்தேன். அவளும் கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், வீட்டில் சாமி படத்தைக் கும்பிடுவது மாதிரி. அவளுக்குப் பூச்சிக்காரி ஒருத்தி இருந்தாள், இப்போது நான் ஒரு சாமியையும் கொடுத்துவிட்டேன். அழுக்குக்கும் சாமிக்கும் நடுவில் அவள் அவளாக உட்கார ஒரு பலகைகூட இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வள்ளி பெட்டிக்குள் போவாள், சலேத் வெளியே வருவாள்.

இந்த இடத்தில் நான் சாமர்த்தியமாக ஏதோ செய்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. பயம், குடித்த கஞ்சி, எதிரே கற்பூரம், மாட்டுக்காரர், எல்லாம் சேர்ந்து அடிவயிற்றில் இறங்கின. இரண்டு கையும் மேலே, கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. என் வாய் என்னிடம் கேட்காமலே, வள்ளியின் குரலில், எங்கள் வீட்டுக் கிரியோலில் அலறியது:

"மாமோ! அம்மாடியோ! எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருதே!"

கும்பிட்ட கைகள் அப்படியே நின்றன. மாட்டுக்காரர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். சாமி கிரியோல் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒண்ணுக்கு வந்தும் கேட்டதில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மூக்கால் வந்து, அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. பொத்தல் வழியாகப் பார்த்தேன், லெச்சுமி. கண் திறந்திருந்தது. அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லோரும் பற்றிக்கொண்டார்கள். வள்ளி இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நடிப்பே இல்லை, நான் கீழே குதித்துக்கொண்டிருந்தேன். "எனக்கும் வருது!" என்றது குரங்கு. இருவரும் மேடையோரத்து அட்டைக் கழிப்பறைக்கு ஓடி, யார் முதலில் என்று அடித்துக்கொண்டார்கள். வள்ளியின் மூக்குத்தி தெறித்து விழுந்தது, சரிகைச் சேலை அவிழ்ந்தது, சவுரி ஒரு பக்கமாகச் சரிந்தது. சரியச் சரிய அவள் அந்த ஊர்ப் பிள்ளையாகிக்கொண்டே வந்தாள். "குரங்கை விடாதே வள்ளி! கதவைப் பிடி!" என்று பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். கற்பூரத் தட்டு வைத்திருந்த பெண்ணே ஊதி அணைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒக்தாவ் குச்சிகளை ஒவ்வொன்றாக மாற்றப் பார்த்து, முடியாமல், இடது பையைப் பிடித்து மொத்தமாக வலது பையில் கவிழ்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் வந்து, சலேத்தை எடுத்துப் பெட்டியின் அடியில் முகம் குப்புற வைத்து மூடினார். "அடுத்த வாரம் பீனிக்ஸ். சேலை வேண்டாம், பள்ளிக்கூடச் சட்டை தை" என்றார். என் பின்னிய கால்களைப் பார்த்துவிட்டு, "நீ இப்ப போகலாம், வேலாய்" என்றார்.

போகமுடியவில்லை. படுதாவின் ஓரத்தில் பார்வதியக்கா நின்றிருந்தாள், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு லெச்சுமி. பிள்ளை இருக்கும்வரை பாவையைக் கழற்றக்கூடாது. கால்களைப் பின்னிக்கொண்டு, வள்ளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

லெச்சுமி என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வள்ளியிடம் வந்தாள்.

"போயிட்டியா?"

"போயிட்டேன்" என்றாள் வள்ளி. எங்கள் இருவரில் ஒருவராவது போனதாக இருக்கட்டும்.

"பள்ளிக்கூடத்துல அப்படிக் கத்தக்கூடாது. டீச்சர் அடிப்பாங்க."

"நான் பள்ளிக்கூடமே போனதில்லையே. அங்க வந்தா என்ன பண்றது?"

லெச்சுமி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு விரலை நேராகத் தூக்கிக் காட்டினாள். "இப்படித் தூக்கணும். ப்ளீஸ் மிஸ், மே ஐ கோ அவுட்னு கேக்கணும்."

வள்ளி கையைத் தூக்கினாள். கையுறைப் பாவை, உருண்டையாக ஒரு துணி முனை. "எனக்கு விரலே இல்லையே."

அந்தப் பிள்ளை அந்தத் துணி முனையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் யோசித்தாள். என் கால்களுக்கு அது இன்னும் நெடுநேரம்.

"பரவாயில்லை. நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். உனக்கு வந்தா என்கிட்டச் சொல்லு. நான் தூக்கறேன்."

பார்வதியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு "நாளைக்குத் திங்கக்கிழமை. பள்ளிக்கூடம் உண்டு" என்றாள், மகளிடம் சொன்னாளா பொம்மையிடம் சொன்னாளா தெரியவில்லை.

இரண்டு பேரும் சரி என்று தலையாட்டினார்கள்.